ஒரு கதவுக்குள் இரண்டு அடுப்பு

அலுவலக ஆண்டு மலரில் ஓய்வுபெற்றவர்களின் ‘இனிய அனுபவங்கள்’ என்று ஒரு பகுதி வரப்போவதாகவும், அதற்கு இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டும் என்றும் மலர்க் குழுச் செயலாளர் தொலைபேசியில் கேட்டார். குரலில் மிகுந்த மரியாதை. பணியில் இருந்த காலத்தில் நான் ஒரு பேனா கேட்டாலும் கிடைக்காத மரியாதை. ஒப்புக்கொண்டேன். பக்கம் கூடும், இனிமை குறையும் என்றும் அப்போதே சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

சென்ற வாரம் புஷ்பம் என் வீட்டுக்கு வந்திராவிட்டால் நானும் மற்றவர்களைப் போல வருடாந்தச் சுற்றுலாவைப் பற்றி எழுதியிருப்பேன். புஷ்பம் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறவர். மகன் மூன்றாம் வருடம், மகள் முதலாம் வருடம், இருவரும் பல்கலைக்கழகத்தில். மகளுக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தார்கள். மகளுக்கு இல்லை என்று பதில் வந்தது. கூடவே, அதுவரை மகனுக்கு வந்துகொண்டிருந்ததும் நின்றுபோனது. காரணம் கைத்தொலைபேசியில் ஒரே வரியாக வந்திருந்தது. ஒரே முகவரியில் வசிப்போரின் கூட்டு வருமானம் எல்லையை மீறுகிறது.

வேண்டாத மனிதரைக் கடைவீதியில் எதிரே கண்ட மாதிரி இருந்தது எனக்கு. இருபத்தைந்து வருடத்துக்கு முன் இதே காரணத்தை, இதே வீட்டில், புஷ்பமும் நானும் ஒரு தடவை தோற்கடித்திருக்கிறோம். அப்போது அவர் அந்த வீட்டுக்கு வாழவந்த புது மருமகள். நான் பிரதேச செயலகத்தில் வருமானச் சான்றிதழ் மேசையில் இருந்தேன். எந்தச் செயலகம் என்று எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குத் தேவையில்லை.

என் அப்பாவுக்குப் பதுளைக் கடைவீதியில் பாத்திரக் கடை. பட்டப்படிப்பு முடித்த மகள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போவதில் அவருக்குப் பெரிய மகிழ்ச்சி எதுவும் இல்லை. கடையில் நின்றால் கூட வருமானம் என்பது அவர் கணக்கு. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோப்பில் துளையிடவும், கடிதத்துக்கு இலக்கமிடவும், குறிப்பு எழுதும்போது ‘நான்’ என்ற சொல்லைத் தவிர்க்கவும் கற்பித்தார்கள். மூன்றாவதை மட்டும் நான் கடைசிவரை கற்கவில்லை.

பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு அரசு தரும் உதவித்தொகை பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்தது. அந்த வருமானத்தைக் கிராம உத்தியோகத்தர் எழுதுவார், செயலகம் உறுதிப்படுத்தும், கொழும்பு முடிவுசெய்யும். ஒரு வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் படித்தால், ஒவ்வொருவருக்காகவும் வருமானத்திலிருந்து ஒரு பகுதியைக் கழித்துப் பார்க்கவேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னது. அதாவது இரண்டு பிள்ளைகள் படித்தால் சலுகை கூடும். நடைமுறையில் இரண்டு பிள்ளைகள் படித்தால் சந்தேகம்தான் கூடியது. தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போனால் மாலை போடுவார்கள். அதே வீட்டிலிருந்து இரண்டாவது பிள்ளை போனால், இவர்களுக்கு எங்கிருந்து வசதி வந்தது என்று கேட்பார்கள்.

மக்களும் தங்கள் பங்குக்குச் சிக்கல் உண்டாக்கினார்கள். தெமோதரையிலிருந்து ஒரு தகப்பன் தன் இரண்டு மகன்களின் விண்ணப்பத்தையும் ஒரே உறையில் போட்டு அனுப்பினார். ஒரே வீடு, ஒரே தகப்பன், எதற்கு இரண்டு முத்திரை என்பது அவர் நியாயம். தபால் பதிவேட்டில் ஓர் உறைக்கு ஓர் இலக்கம்தான். மேலே இருந்த மகன் பதிவானான், கீழே இருந்தவன் காணாமல் போனான். நான் தேடி எடுப்பதற்குள் முடிவுத் தேதி போய்விட்டது. அதன் பிறகு லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், பிள்ளைக்கு ஓர் உறை என்பதை முதல் வேலையாகச் சொன்னேன். பேச்சாளர் பட்டியலில் என் பெயர் இல்லாத கூட்டங்களிலும் சொன்னேன்.

என் மேலதிகாரி ரத்நாயக்க, உதவிப் பிரதேச செயலாளர். அவரைப் பற்றி நிதானமாகச் சொல்லவேண்டும். கெட்ட அதிகாரியை எதிர்ப்பது சுலபம். இவர் நல்ல அதிகாரி. யாரிடமும் ஒரு வாழைப்பழம்கூட வாங்கியதில்லை. மழை பெய்தாலும் நேரத்துக்கு வருவார். வெள்ளைச் சட்டையின் கைகளை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருப்பார். குரலை உயர்த்தமாட்டார். முடியாது என்ற சொல்லையும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அவருக்குப் பிடிக்காத கோப்பை மூடுவார், நாடாவைக் கட்டுவார், முடிச்சை ஒரு தடவை தடவிப் பார்ப்பார், பிறகு தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து அதன்மேல் வைப்பார். அவ்வளவுதான். கூடு ஏறிய கோப்பைப் பற்றி யாரும் பேசக்கூடாது. அப்படி ஒரு விதி எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருந்தால் நான் மேன்முறையீடு செய்திருப்பேன்.

அவரும் ஏழைக் குடும்பத்திலிருந்து வந்தவர். வீட்டில் ஏழு பிள்ளைகள், படித்தது அவர் ஒருவர்தான். ஒரு வீட்டுக்கு ஒருவர் போதும், அவர் மற்றவர்களைத் தூக்கிவிடவேண்டும் என்பது அவர் நம்பிக்கை. தன் வாழ்க்கையையே சுற்றறிக்கையாக வைத்திருந்தார்.

இனி வழக்குக்கு வருகிறேன்.

மாரிமுத்துவும் பாக்கியமும் தோட்டத் தொழிலாளர்கள். மூத்த மகன் குமாரும் தோட்டத்தில்தான் வேலை. அவர் மனைவிதான் புஷ்பம். அடுத்தவள் கலைவாணி, மட்டக்களப்பில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. கடைசிப் பிள்ளை யோகேஸ்வரி. அவளுக்கு அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் இடம் கிடைத்தது. அவளும் விண்ணப்பித்தாள். ஒரே வீட்டில் இரண்டாவது என்பதால் ரத்நாயக்க வீட்டைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார். வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் போனார். கரையோரத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த இளைஞர். கண்டதைக் கண்டபடி எழுதுகிறவர்.

அவர் எழுதியது சுருக்கமாக இதுதான். வீட்டில் சம்பாதிப்பவர்கள் நான்கு பேர். சமையல் ஒன்று. எனவே குடும்பம் ஒன்று. வசதியாக வாழ்கிறார்கள். நான்கு பேருடைய சம்பளத்தையும் கூட்டினால் எல்லை தாண்டிவிட்டது. யோகேஸ்வரிக்கு இல்லை. கோப்பு மறுபடி திறக்கப்பட்டதால் கலைவாணியுடையதும் நிறுத்தம்.

அன்று தேநீர் இடைவேளையில் அந்த இளைஞர் தோட்ட மக்களைப் பற்றித் தன் ஆச்சரியத்தைச் சொன்னார். ஏழைகள் என்று கேள்விப்பட்டிருந்தாராம். போய்ப் பார்த்தால் அந்த லயத்து வரிசை வீடுகளில் அந்த மாதம் அவர் போன நான்கு வீட்டிலும் சிவப்பு மெத்தை வைத்த நாற்காலி இருந்ததாம். ரோசாப்பூப் போட்ட பீங்கான் கோப்பையில் தேநீர் தந்தார்களாம்.

நான்கு வீட்டிலும் அதே ரோசாப்பூவா என்று கேட்டேன்.

“ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள் போல, மிஸ்” என்றார்.

நான் தேநீரைக் குடித்து முடித்தேன். பாத்திரக் கடைக்காரன் மகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எனக்கு விளங்காமல் இருந்தது அந்த அடுப்பு. தோட்டத்தில் கல்யாணம் முடிந்த சில வாரங்களில் மாமியாரும் மருமகளும் ஒன்றாக எங்கள் கடைக்கு வருவார்கள். இரண்டாவது குடும்பத்துக்குச் சட்டி, பானை, கரண்டி வாங்குவார்கள். மாமியார்தான் முன்னால் நின்று விலை பேசுவார். லயத்தில் மகனுக்கென்று இன்னொரு வீடு கட்ட முடியாது. நிலம் தோட்டத்துடையது. ஆகவே முன்புறத்துத் திண்ணையான இஸ்தோப்பில் மருமகளுக்கு ஓர் அடுப்பு போட்டுக் கொடுப்பார்கள். அன்றிலிருந்து அரிசி வேறு, சம்பளம் வேறு, கணக்கு வேறு. கதவு மட்டும் ஒன்று. குமாருக்கும் கல்யாணமாகி மாதங்கள் ஆகியிருந்தன. அந்த வீட்டில் இரண்டாவது அடுப்பு இல்லாமல் இருக்க முடியாது. ஆனால் போனவர் காணவில்லை.

பத்து நாள் கழிந்திருக்கும். மாரிமுத்து, பாக்கியம், யோகேஸ்வரி மூவரும் என் மேசைக்கு முன் வந்து நின்றார்கள். மாரிமுத்து ஒரு கடிதத்தை நீட்டினார். யோகேஸ்வரியின் விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுதி, அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

“சின்னவ நிக்கட்டும் மிஸ்” என்றார் மாரிமுத்து. “பெரியவள பாதியில எறக்குனா பாவம். இவ இன்னும் ஏறவே இல்லியே.”

“நா ஊருல டியூசன் குடுக்குறேன் மிஸ்” என்றாள் யோகேஸ்வரி. “அக்கா முடிச்சதும் போயிக்கலாம்.”

“பஸ்ஸில துண்டு போட்டு எடம் புடிக்கிற மாதிரி நெனைக்காத. இந்த வருசம் போகாட்டி அந்த எடம் இன்னொருத்தருக்கு” என்றேன்.

அவள் தகப்பனை ஓரக்கண்ணால் பார்த்தாள். தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள் என்று எனக்கு அப்போது விளங்கியது. தகப்பனுக்குத்தான் தெரியாது.

கடிதத்தை நான் வாங்கவில்லை. வாங்கினால் பதியவேண்டும். பதிந்தால் யோகேஸ்வரியின் இடம் போகும், ஆனால் கலைவாணியின் பணம் திரும்பாது. கூட்டு வருமானம் எல்லைக்கு மேல் என்று ஒரு தடவை எழுதிவிட்டால் அது இருவருக்கும்தான். ஒருத்தியைப் பலி கொடுத்தால் மற்றவள் பிழைப்பாள் என்று அவர்கள் நினைத்தார்கள். எங்கள் நடைமுறை அவ்வளவு இரக்கமுள்ளதல்ல.

நான் பாக்கியத்தைப் பார்த்தேன். “அந்தச் செவப்பு நாற்காலி யாரோடதும்மா?”

“கணக்கப்பிள்ளை வீட்டுதுங்க மிஸ். ஆபிசுலேர்ந்து ஆளு வந்தா எல்லாருந்தான் கேட்டு வாங்கிக்குவோம். வாரவர நிக்கவச்சே பேசுனா நல்லாவா இருக்கும்?”

“கோப்பை?”

“அதுவும் அவுகளோடதுதான்.”

“மருமக அடுப்பு இஸ்தோப்புலதானே? வந்தவரு காணலியாமே.”

மாரிமுத்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். “நா வேணாம்னுதான் சொன்னேன் மிஸ். அது மேல மேசையப் போட்டு, துணி விரிச்சு, பூவும் வச்சுட்டா.”

“வைக்காம?” பாக்கியம் அவரிடம் இல்லை, என்னிடம் கேட்டார். “கல்யாணங் கட்டி ஆறு மாசத்துல மருமகள இஸ்தோப்புக்குத் தள்ளிட்டா மாமியாருன்னு கவுருமெண்டு எழுதிக்கிட்டுப் போகணுமா?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் பாக்கியத்தின் மேல் இல்லை. வீட்டுக்கு வருகிறவரை உட்காரவைக்கவேண்டும், வீட்டுக் குறையை அவர் கண்ணில் படாமல் வைக்கவேண்டும் என்று நினைத்ததற்காக இரண்டு பெண்களின் படிப்பை நாங்கள் பறித்திருந்தோம். இல்லாத வறுமையைக் காட்டி ஏமாற்றுகிறவர்களைப் பிடிப்பதற்குத்தான் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் முறை வந்தது. இவர்கள் இல்லாத வசதியைக் காட்டித் தங்களையே ஏமாற்றிக்கொண்டார்கள். அதற்கு எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை.

மேன்முறையீட்டுக் கடிதத்தை அவர்கள் முன்னாலேயே எழுதினேன். சுற்றறிக்கையில் அதற்கென்று ஒரு பிரிவு உண்டு. மேன்முறையீடு வந்தால், முதலில் போகாத உயரதிகாரி ஒருவர் முன்னறிவித்தல் இன்றி நேரில் போய்ப் பார்க்கவேண்டும். பலருக்கு அந்தப் பிரிவு தெரியும். யாரும் பயன்படுத்துவதில்லை, ஏனென்றால் அது உயரதிகாரிக்கு வேலை வைக்கிறது.

ரத்நாயக்க கடிதத்தை வாசித்தார். கோப்பை மூடினார். நாடாவைக் கட்டினார். முடிச்சைத் தடவினார். கண்ணாடிக் கூடு ஏறியது.

நான் அந்தக் கூட்டை எடுத்து அவருடைய தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

எழுதும்போது சிறிய காரியமாகத் தெரிகிறது. அந்த அறையில் வேலை செய்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள். கதவருகே நின்ற பியூன் வெளியே போய்விட்டார். நான் முடிச்சை அவிழ்த்து, பிரிவு உள்ள பக்கத்தைத் திறந்து, சிங்களத்தில் உரக்க வாசித்தேன். ரத்நாயக்க என்னைப் பார்க்கவில்லை, கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியதும் சிங்களத்தில்தான்.

“ஒரு கூரைக்குள் இரண்டு குடும்பம் என்று இன்று எழுதினால், நாளைக்கு ஒவ்வொரு கூரைக்குள்ளும் பத்துக் குடும்பம் வரும்” என்றார்.

“ஏற்கெனவே இருக்கின்றன, சேர். நாம்தான் எண்ணவில்லை.”

“நீங்கள் அவர்களுக்குச் சொல்லி வைப்பீர்கள்.”

“நாள் எனக்குத் தெரியவேண்டாம். ஜீப்பில் ஏறச் சொல்லும்போது ஏறுகிறேன்.”

சொன்னபடியே ஒரு நாள் விடிகாலையில் ஆள் அனுப்பினார். எங்கே என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பசறை தாண்டி ஜீப் ஏறத் தொடங்கியபோதுதான் எனக்குப் பயம் வந்தது. முன்னறிவித்தல் கூடாது என்பது நானே வாசித்துக் காட்டிய விதி. ஆகவே நான் பாக்கியத்துக்கு ஒரு சொல்கூட அனுப்பவில்லை. ஆனால் ஜீப் அந்தப் பாதையில் ஏறுவதை மலை முழுவதும் பார்க்கும். இந்தத் தடவையும் அவர் அடுப்பின்மேல் பூச்சாடி வைத்தால் அதோடு முடிந்தது. இரண்டாம் மேன்முறையீடு கிடையாது.

தோட்டத்து ரோடு மழையில் கரைந்து கிடந்தது. ஜீப் ஓரிடத்தில் நின்றுவிட்டது. இறங்கி நடந்தோம். மேலேயிருந்து யாரோ கூவினார்கள். அதற்கு மேலேயிருந்து இன்னொருவர் பதில் கூவினார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் நேரம், மலைச்சரிவில் ஆட்கள் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தேயிலைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் ஒரு வரிசை தெரிந்தது. நான்கு பெண்கள். நால்வர் தலையிலும் கால்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்க ஒவ்வொரு சிவப்பு நாற்காலி. பின்னால் ஒரு பெண்பிள்ளை கையில் கூடையை அணைத்தபடி, ஓடாமல், ஆனால் ஓடவேண்டும் என்ற அவசரத்தோடு வந்தாள். கோப்பைகள்.

ரத்நாயக்க நின்றார்.

“அவை என்ன?”

“நம் அறிக்கையில் எழுதிய வசதி, சேர்” என்றேன். “கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்து புறப்பட்டு வந்துகொண்டிருக்கிறது.”

அவர் நடையைக் கூட்டினார். அவர் வேகமாக நடந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். நாங்களும் நாற்காலிகளும் அனேகமாக ஒரே நேரத்தில் வீட்டு வாசலில் போய்ச் சேர்ந்தோம். நாற்காலி சுமந்து வந்தவர்கள் அவரைக் கண்டதும் தலையிலிருந்து இறக்காமல் அப்படியே நின்றார்கள். பாக்கியம் மூச்சு வாங்க ஒருத்தி தலையிலிருந்து ஒன்றை இறக்கிப் போட்டு, முந்தானையால் துடைத்து, உட்காருங்க சேர் என்றார். ரத்நாயக்க உட்காரவில்லை. இஸ்தோப்பைப் பார்த்தார். மூலையில் மேசை இருந்தது. துணி விரித்திருந்தது. பூவும் இருந்தது.

இந்த வீட்டில் எத்தனை அடுப்பு என்று கேட்கச் சொன்னார். நான் தமிழில் கேட்டேன். இதைவிடக் கவனமாக நான் எந்தக் கேள்வியையும் கேட்டதில்லை. ஒரு சொல் கூடவோ குறையவோ கூடாது. அவருக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும்.

“ஒண்ணுதாங்க சேர்” என்றார் பாக்கியம்.

யோகேஸ்வரி உள்கதவில் சாய்ந்து நின்றாள். தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். மாரிமுத்து நாற்காலியை நேராக்கி வைத்தார். மனைவியை அந்நியர் முன்னால் பொய்க்காரியாக்க அவரால் முடியவில்லை. விதிப்படி நான் ஒன்றும் சொல்லக்கூடாது. சொன்னால் சாட்சியைத் தூண்டியதாகும். ரத்நாயக்க பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் புஷ்பம் வந்தார். பெரட்டுக்குப் புறப்பட்ட கோலம், இடுப்பில் சுற்றிய படங்குத் துணி, தலையில் கூடைக் கயிறு. அதுவரை நான் அவருடைய குரலைக் கேட்டதில்லை. நேரே மேசைக்குப் போனார். பூவை எடுத்துத் தரையில் வைத்தார். துணியை இழுத்தார். மேசையை ஒரு பக்கம் நகர்த்தினார். கீழே மூன்று கல், சாம்பல், நடுவில் இன்னும் புகைந்துகொண்டிருந்த ஒரு கட்டை.

“இது என் அடுப்பு சேர்” என்றார்.

“ஏ புஷ்பம்” என்றார் பாக்கியம், மெதுவாக.

“இருங்க மாமி. மறைச்சு வைக்க அதுல என்ன களவா இருக்கு?” பிறகு ரத்நாயக்கவைப் பார்த்துப் பேசினார். “நாங்க சண்ட போட்டுப் பிரியல சேர். கட்டிக்கிட்டு வந்த மறுமாசம் மாமிதான் இந்தக் கல்ல வச்சுக் குடுத்தாக. அரிசி வேற, சம்பளம் வேற. அவுக ஒல கொதிச்சா எனக்கு ஒரு கரண்டி வரும். என் ஒல கொதிச்சா அவுகளுக்கு ஒரு கரண்டி போகும். அதுக்காக எஞ் சம்பளத்தக் காட்டி நாத்தனாமாரு படிப்ப நிப்பாட்டாதீங்க. நா அவுகளப் படிக்க வைக்கல. வைக்கவும் ஏலாது. எனக்கு நாளைக்குப் புள்ளைக பொறக்கும்.”

நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். ரத்நாயக்க கையைக் காட்டி நிறுத்தினார். குனிந்து, சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி, சாம்பலுக்கு மேல் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். சூடு இருந்தது. உள்ளே போய் மற்ற அடுப்பையும் அப்படியே பார்த்தார். திரும்பி வந்து, நின்றபடியே எழுதினார். இரண்டு அடுப்பு, இரண்டு குடும்பம், கதவு ஒன்று. படிவத்தில் அதற்கு இடம் இல்லாததால் ஓரத்தில் எழுதி, ஓரத்திலேயே கையெழுத்து வைத்தார். பிறகு பாக்கியத்தைப் பார்த்துத் தமிழில் இரண்டே சொல் சொன்னார்.

“நாற்காலி வேண்டாம்.”

வரும் வழியில் ஜீப்பில் அவர் என்னோடு பேசவில்லை. கூட்டைத் தொட்டதை அவர் மன்னிக்கவும் இல்லை. அந்த வருடம் என் சம்பள ஏற்றத்துக்கான சிபாரிசில் ‘பணிவு திருப்தியில்லை’ என்று எழுதினார். அது உண்மை. அதற்கு எதிராக நான் மேன்முறையீடு செய்யவில்லை.

கொழும்பு கோப்பைத் திருப்பி அனுப்பியது. ஒரே முகவரியில் இரண்டு குடும்பம் எப்படி என்று விளக்கம் கேட்டது. ரத்நாயக்க அந்தக் கேள்விக்குத் தானே பதில் எழுதினார். பெற்றோரும் அவர்களைச் சார்ந்த மணமாகாத பிள்ளைகளும்தான் குடும்பம் என்று தங்கள் சுற்றறிக்கையே சொல்கிறது, சந்தேகம் இருந்தால் நேரில் வந்து பார்க்கலாம், பாதை மோசம், வாகனத்தைக் கீழே நிறுத்தவும். யாரும் வரவில்லை. கலைவாணியின் பணம் மறுபடி வந்தது. யோகேஸ்வரிக்கும் வந்தது. அவள் யாழ்ப்பாணம் போனாள்.

மாரிமுத்து இப்போது இல்லை. கலைவாணி கல்யாணமாகிப் போய்விட்டாள். யோகேஸ்வரி பண்டாரவளைப் பக்கம் ஆசிரியை. வாடகை அறையில் இருக்கிறாள். அறைக்காரர் அந்த முகவரியில் பெயர் பதிய விடமாட்டார். ஆகவே வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் இன்னும் அந்த லயத்து வீட்டில்தான் இருக்கிறது. புஷ்பத்தின் பிள்ளைகளுக்கு உதவித்தொகை நின்றது அதனால்தான். இப்போது வீட்டைப் பார்க்க யாரும் போவதில்லை. புதிய விண்ணப்பம் வந்ததும் கணினி முகவரியைப் பார்க்கிறது, அங்கே உள்ள எல்லாப் பெயர்களையும் கூட்டுகிறது. அரசு உதவி செய்து படிக்கவைத்த பெண்ணின் சம்பளத்தைக் காட்டி, அதே வீட்டின் அடுத்த இரண்டு பிள்ளைகளுக்கு இல்லை என்கிறது. அத்தையைக் குடும்பத்தில் சேர்க்கச் சொல்லும் சுற்றறிக்கை எதையும் நான் வாசித்ததில்லை. யாராவது வாசித்திருந்தால் மலர்க் குழு ஊடாக அனுப்பிவைக்கவும்.

சென்ற வாரம் புஷ்பம் என் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, இரண்டு பிள்ளைகளும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். மகள், தான் நின்றுவிடுவதாகச் சொன்னாளாம். யோகேஸ்வரி அன்று சொன்ன அதே பேச்சு, டியூஷன்வரை.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வாயிலயே போட்டேன் மிஸ்” என்றார் புஷ்பம். “இந்த வீட்டுல யாரும் எறங்குறதில்ல. எறங்குறதுன்னா அந்தக் கம்ப்யூட்டரு எறங்கட்டும்.”

வீட்டு நிலைமையைப் பற்றி விசாரித்தேன். இப்போது இரண்டும் கேஸ் அடுப்பாம். பாக்கியத்துடையது உள்ளே, புஷ்பத்துடையது இஸ்தோப்பில், பழைய இடத்திலேயே. யோகேஸ்வரி முதல் சம்பளத்தில் நாற்காலிகள் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். சிவப்பு இல்லை. சிவப்பு வேண்டாம் என்று பாக்கியம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

விண்ணப்ப முறை மாறியிருக்கிறது, ஆனால் மேன்முறையீட்டுப் பிரிவை யாரும் நீக்கவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன். அதே வாசகம், இலக்கம் மட்டும் வேறு. உயரதிகாரி ஒருவர் முன்னறிவித்தல் இன்றி நேரில் போய்ப் பார்க்கவேண்டும். மேன்முறையீடுகள் இரண்டு எழுதியாகிவிட்டன. பிள்ளைக்கு ஓர் உறை.

கவுண்டரில் கொடுத்து, திகதி முத்திரை குத்தி, பிரதி வாங்கவேண்டும். தபாலில் போட்டால் கிடைக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு ஒரு வசதி ஆகிவிடும். இந்த மலர் வெளியாகும் வாரம், திங்கட்கிழமை காலை கவுண்டர் திறக்கும்போது புஷ்பமும் நானும் முன்னால் இருப்போம். மேசைக்குப் பின்னால் இருக்கப்போகிறவர் இதை வாசித்திருப்பார் என்று நம்புகிறேன். எங்களுக்கு நாற்காலி போடவேண்டாம். முத்திரை குத்தும்வரை நின்றுகொள்கிறோம்.